தோல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்: களிம்பை மாற்றும் முன் பயாப்சி எடுங்கள்

மதிப்பிற்குரிய தோல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். முடி கொட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை என்பதை அறிந்தே எழுதுகிறேன். தலைத்தோல் சிவந்து தடித்து, அரிப்பெடுத்து, அந்த இடத்திலேயே முடி கொட்டி, மருந்துக்கும் அடங்காமல் நீடிக்கிறவர்களுக்கு ஒரு பயாப்சி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை, செய்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஐம்பதைக் கடந்த என் அக்காவுக்கு முதலில் புழுவெட்டு என்றார்கள். பிறகு பொடுகு, அதன் பிறகு சொரியாசிஸ். பெயர் மாறும்போதெல்லாம் ஸ்டீராய்டு களிம்பும் மாறியது. முடி போனதைவிட அரிப்புதான் அவரை வதைத்தது. தூக்கத்தில் சொறிந்து தலையணை உறையெல்லாம் இரத்தமாவதால், விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுப்பார். திட்டுத் திட்டாகக் கொட்டிய தலையை மழித்துவிட்டு, கேட்பவர்களிடம் பழனி மொட்டை என்று சமாளித்தார். புருவமும் உதிர்ந்தபின் அந்தப் பதில் செல்லவில்லை, பழனியில் யாரும் புருவத்தை மழிப்பதில்லையே. ஊரார் கவனித்த அந்தப் புருவத்தை, களிம்பு எழுதியவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் ஒருவர் பயாப்சி எடுத்தார். மயிர்க்கால்களைப் பற்றும் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ், அதாவது தோலில் வரும் டி செல் லிம்போமா என்ற புற்றுநோய் என்று முடிவு வந்தது.

மயிர்க்கால்களில் மியூசின் என்ற கூழ் போன்ற பொருள் தேங்கி முடி கொட்டும் நிலையைத் தோல் மருத்துவர் ஹெர்மன் பிங்கஸ் 1957இலேயே விவரித்துவிட்டார். அது சிலருக்குத் தானே ஆறிவிடும், சிலருக்கு லிம்போமாவின் வெளித்தோற்றமாக இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயிர்க்கால்களைப் பற்றும் இந்த வகை லிம்போமாவில் நோய் அணுக்கள் மயிர்க்காலோடு ஆழத்தில் இருப்பதால் மேற்பூச்சும் ஒளிச்சிகிச்சையும் அவ்வளவாக எட்டுவதில்லை என்பதும், ஸ்டீராய்டு களிம்பு பயாப்சியில் தெரிய வேண்டிய அடையாளங்களையே மங்கச் செய்யக்கூடும் என்பதும் நீங்கள் படித்தவைதாம்.

முடி நடவும் பிளாஸ்மா ஊசி போடவும் தெருவுக்குத் தெரு பலகை தொங்குகிறது, தவணைச் சலுகைகூட உண்டு. மரத்துப்போக ஓர் ஊசி, தோலை வட்டமாக வெட்டியெடுக்கும் 4 மில்லிமீட்டர் பஞ்ச் கருவி, ஓரிரு தையல் ஆகியவற்றுக்குத்தான் யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள்.

ஆறாத தலைத்தோலோடு வருகிறவருக்கு அடுத்த களிம்பை எழுதும் முன், தயவுசெய்து பயாப்சிக்கு எழுதுங்கள். கொழுப்புப் படலம் வரை ஆழமாக எடுத்து, புருவம் கொட்டியதையும் பூசிய களிம்புகளையும் நோய்க்குறியியல் மருத்துவருக்குக் குறிப்பில் தெரிவியுங்கள். முதல் முடிவு தெளிவாக இல்லையென்றால் மறுபடியும் எடுங்கள். வலிக்குமே என்று எங்களுக்காக இரங்கித் தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தங்கை