படைக்கலம் ஏந்தாத கரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரங்கள் உணர்த்தும் பொருள் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரை, புயவலி, படைவலி, அதிகாரம் ஆகியவற்றைச் சுற்றியே நின்றுவிட்டது. பன்னிரு தோள் முருகனும் இருபது கை இராவணனும் அந்த வாதத்துக்கு வலுவான சான்றுகள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஆயுதம் பிடிக்காத கைக்கு மனிதர் ஏற்றிய பொருள் அதைவிட ஆழமானது என்பது என் எண்ணம். அதற்குச் சான்று தேடித் தில்லிவாசிகள் வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை.

ஜி20 மாநாட்டை ஒட்டி 2023இல் பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட, சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்த 27 அடி நடராசர் திருவுருவத்தையே எடுத்துக்கொள்வோம். பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ. முன் வலக்கையோ அஞ்சேல் என்று உள்ளங்கை காட்டுகிறது. நான்காவது கை, மார்பின் குறுக்கே யானைத் துதிக்கையென நீண்டு, மணிக்கட்டில் தளர்ந்து, தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது. எந்தக் கையிலும் வாளோ வேலோ இல்லை. சைவ மரபு உடுக்கையில் படைத்தலையும், அபயக் கையில் காத்தலையும், தீயில் அழித்தலையும் காண்கிறது. அருளோ எடுத்த பாதத்தில் இருக்கிறது, அதைக் காட்டிக் கொடுப்பது மட்டுமே அந்த வெறுங்கையின் வேலை. இத்தனை நுட்பமான ஓர் உருவத்தைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து போனது எனக்குக் குறையாகவே படுகிறது.

தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மொகஞ்சதாரோ நடனமங்கை இன்னும் பழையவள். சுமார் 4,500 ஆண்டுகள். பத்தரை சென்டிமீட்டரே உயரமுள்ள அந்த வெண்கலச் சிற்பத்தில் இடக்கை தோள் முதல் மணிக்கட்டு வரை வளையல்களால் மூடியிருக்க, இடுப்பில் ஊன்றிய வலக்கையில் நான்கே வளையல்கள். இந்த ஏற்றத்தாழ்வு சமயம் சார்ந்ததா, தொழில் சார்ந்ததா, வெறும் அலங்காரமா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். அந்த நிற்கும் தோரணையில் தெரியும் மிடுக்குக்கு எந்த ஆயுதமும் தேவைப்படவில்லை என்பது பார்க்கும் எவருக்கும் விளங்கும்.

கட்டுரை அறவே தொடாத மற்றொன்று, கை அளவுகோலானது. எகிப்தியர் முழத்தைக் குறிக்க முன்கையின் வடிவத்தையே படவெழுத்தாக வரைந்தனர். அவர்களின் அரச முழம் ஏழு உள்ளங்கை அகலம், அதாவது 28 விரற்கடை (விரல் அகலம்) கொண்டது, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 52 சென்டிமீட்டர். அரசு நிர்ணயித்த முழக்கோல் அங்கே இருந்தது. நமக்கோ இன்றும் பூக்காரம்மாவின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரைதான் முழம். மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் மல்லிகை வாங்கும்போது, கை நீண்ட அம்மாவிடம் போவதா, நெருக்கமாகத் தொடுப்பவரிடம் போவதா என்று என் மனைவி யோசிப்பதுண்டு. (அளந்து முடித்தபின் கொசுறாக ஒரு சாண் விட்டுக் கிள்ளித் தருபவரிடம்தான் கடைசியில் போவார்.)

எதிர்ப்பைக் காட்டவும் கை ஓங்கத்தான் வேண்டும் என்பதில்லை. 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையில் ஹராரே மைதானத்தில் ஜிம்பாப்வே வீரர்கள் ஹென்றி ஒலோங்காவும் ஆண்டி ஃபிளவரும், தங்கள் நாட்டில் மக்களாட்சி இறந்துவிட்டது என்று அறிவித்து, கையில் கறுப்புப் பட்டை அணிந்து ஆடினர். இருவரின் ஜிம்பாப்வே ஆட்டவாழ்வும் அந்தத் தொடரோடு முடிந்தது.

மருத்துவரும் கையைப் படிக்கிறார். பக்கவாத ஐயம் எழுந்தால் இரு கைகளையும் ஒருசேர உயர்த்தச் சொல்வார்கள். அவற்றில் ஒன்று தன்னையறியாமல் தாழ்ந்தால், அடுத்த நிமிடமே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கட்டுரையின் இரண்டாம் பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். வாளேந்திய கரங்களின் பட்டியலை இன்னும் நீட்டாமல், மருத்துவத்துக்கும் அளவைக்கும் அதில் ஆளுக்கொரு பத்தியாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி