மிக்சர் மேல தப்பில்ல மாப்ள, அப்பாவ பாடச் சொல்லு

மாப்ள,

அப்பா தேவாரம் பாடுறத மிக்சர் வச்சு லேப்டாப்ல பதியறப்ப வர்ற கோளாறெல்லாம் நீ எழுதுனத படிச்சேன், வாட்சப்ல அனுப்புன ஆடியோ எல்லாத்தையும் ஹெட்போன் மாட்டி முழுசா கேட்டேன். மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அப்பா குரல் இன்னும் அப்படியே இருக்குடா. மேல போறப்ப மூச்சு வாங்குது, அந்த வயசுக்கு அது வாங்கத்தான் செய்யும், ஆனா சுதி எங்கயும் நகரல. பண்ணு, அதாவது அந்தப் பழைய ராகம், மாறாம தேவாரம் பாடுறவங்க கொறஞ்சுகிட்டே வர்ற நேரத்துல, வீட்லயே உக்காந்து அதெல்லாம் பதிஞ்சு வைக்கணும்னு உனக்குத் தோணுச்சே, அதுக்காகவே நான் எவ்ளோ நேரம் வேணாலும் ஒக்காந்து எழுதுவேன்.

இங்க எல்லாரும் நல்லாருக்கோம். பொண்ணு திருச்சியில ஹாஸ்டல்ல சேந்துட்டா, வீடு ஒரே அமைதியா இருக்கு, வீட்ல அவங்களுக்கு இன்னும் பழகல, ராத்திரி சாப்பாட்டுக்கு அவளுக்கும் சேத்தே அரிசி போட்டுடுறாங்க. எனக்கு முழங்கால் வலி பரவால்ல. கோயம்புத்தூர்ல மழை விட்டு விட்டு பெய்யுது. சரி உன் விஷயத்துக்கு வர்றேன்.

மைக் சத்தத்தயெல்லாம் கலந்து யூஎஸ்பி வயர்ல லேப்டாப்புக்கு அனுப்புற இந்த மிக்சர் பத்தாது, பெருசா வாங்குன்னு கடைக்காரர் சொன்னார்னு எழுதியிருக்க. வாங்காத. நீ சொல்ற எல்லாக் கோளாறும் வயர்லயும் செட்டிங்ஸ்லயும் இருக்கு, மிக்சர்ல இல்ல. நாம படிக்கிற காலத்துல திருவிழாவுக்கு குழாய் ஸ்பீக்கர் கட்டப் போவோம்ல, அப்ப மைக் செட் அண்ணன் சத்தம் வரலன்னா எல்லாத்தையும் ஒரே நேரத்துல புடுங்க விடமாட்டார், மைக்லேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா பாத்துகிட்டே வரச் சொல்வார். இப்பவும் அதேதான். மிக்சர்லயே ஹெட்போன் ஓட்டை இருக்குல்ல, அதுல ஹெட்போன குத்திக் கேளு. அங்க அப்பா குரல் சுத்தமா வருதுன்னா மைக், கேபிள், கெயின் (மைக் சத்தத்த ஏத்துற திருகு), ஃபேன்டம் பவர் (சில மைக்குக்கு மிக்சர் குடுக்கற கரண்ட்) எல்லாம் சரி, கோளாறு யூஎஸ்பி வயருக்கு அந்தாண்ட இருக்கு. அங்கயே கரகரன்னு இருந்தா கம்ப்யூட்டர தொடவே வேண்டாம். இத ஒண்ணு பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது, கம்ப்யூட்டர்ல தேடிகிட்டே இருக்கறவங்க நெறையப் பேர் இத செய்யறதில்ல.

மொத ஆடியோல அப்பா கெணத்துக்குள்ள நின்னு பாடுற மாதிரி கேக்குது, பின்னாடி ஃபேன் சத்தம் வேற. அது உன் மிக்சர்லேருந்து வந்ததே இல்ல, லேப்டாப்ல இருக்கற குட்டி மைக் எடுத்தது. யூஎஸ்பி ஆடியோவுக்கு 1998லயே ஒரு பொது விதி வந்துருச்சு, அதனால இந்த மாதிரி மிக்சருக்கு பெரும்பாலும் தனி டிரைவர் வேணாம், குத்துனா விண்டோஸ் தானா கண்டுபுடிக்கும், ஆனா அதத்தான் உபயோகிக்கணும்னு நீ ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர் ஆடாசிட்டிக்கு நீதான் சொல்லணும். ரெக்கார்டிங் டிவைஸ்ங்கற எடத்துல லேப்டாப் மைக் இருக்கும், அத மாத்தி யூஎஸ்பி ஆடியோ கோடெக்னு வர்றத எடு. லிஸ்ட்லயே இல்லன்னா ஆடாசிட்டிய தொறந்தப்புறம் மிக்சர குத்தியிருக்கன்னு அர்த்தம், டிரான்ஸ்போர்ட் மெனுல ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ் இருக்கும், அத அமுக்கு. செக் பண்றதுக்கு லேசான வழி, லேப்டாப்ப வெரலால தட்டு, மீட்டர் ஆடுச்சுன்னா இன்னும் தப்பான மைக்லதான் இருக்க.

அப்படியே விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸ்குள்ளயும் போ. மிக்சர விண்டோஸ் சும்மா ஒரு மைக்னு நெனச்சுகிட்டு 1 சேனல்னு வச்சிருக்கலாம், அத 2 சேனல், 44100 ஹெர்ட்ஸ்னு மாத்து, அந்த ஹெர்ட்ஸ் நம்பர் சத்தத்த ஒரு செகண்டுக்கு எத்தன தடவ அளக்குதுங்கறது. ஆடாசிட்டிலயும் ஸ்டீரியோன்னு வை. ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ்னு ஒண்ணு இருந்தா கண்டிப்பா ஆஃப் பண்ணு, அது பேச்சுக்காகப் பண்ணது, இழுத்துப் பாடுற கார்வைய எரைச்சல்னு நெனச்சு அமுக்கிடும், நீ ரெண்டாவது ஆடியோல முடிவு முடிவா குரல் தேயுதுன்னு சொன்னியே, அதுக்கு இதுதான் காரணமா இருக்கும்.

இப்ப அந்த சுதி விஷயம். அப்பா 1 கட்டைல (கட்டைங்கறது சுதி எவ்ளோ உயரம்ங்கற அளவு) பாடுனாரு, கேக்கறப்ப 1½ கட்டைக்கும் மேல போயிருக்கு, வேகமாவும் இருக்குன்னு அப்பாவே கண்டுபுடிச்சாருன்னு எழுதியிருந்த பாரு, அத படிச்சு அப்படியே கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டேன். என்ன காதுடா அது. அவரு சொல்றது நூத்துக்கு நூறு சரி. 44100ல எடுத்தத 48000னு நெனச்சு ஓட்டுனா எல்லாமே 1.088 மடங்கு வேகமாப் போகும், அது கிட்டத்தட்ட ஒன்றரை அரைஸ்வரம், அதாவது 1 கட்டை போய் 1½க்கும் 2க்கும் நடுவுல எங்கயோ நிக்கும், 10 நிமிஷப் பாட்டு 9 நிமிஷம் 11 செகண்ட்ல முடிஞ்சுடும். விண்டோஸ் ரெக்கார்டிங்ல ஒரு நம்பர், பிளேபேக்ல ஒரு நம்பர், ஆடாசிட்டி ப்ராஜெக்ட்ல ஒரு நம்பர்னு இருக்கறதுதான் வினை, மூணு எடத்துலயும் ஒரே நம்பர வச்சிடு. ஏற்கனவே எடுத்தத அழிச்சுடாத! அந்த டிராக் பேர் பக்கத்துல இருக்கற மெனுல ரேட்னு இருக்கும், அதுல 44100னு மாத்துனா பாட்டு பழைய சுதிக்கே எறங்கிடும், தரமும் கொறயாது.

தம்புரா காணாமப் போன கதை இன்னும் சுவாரசியம். ஃபோன்ல தம்புரா ஆப் ஓடுது, ஃபோன் ஹெட்போன் ஓட்டைலேருந்து வயர் போட்டு மிக்சர்ல மைக் சேனலோட லைன் ஓட்டைல குத்தியிருக்க, ஆனா சத்தம் எங்கயோ தூரத்துல முனகற மாதிரி வருது, சரிதானே? நீ போட்டது ரெண்டு பக்க முள்ளுலயும் முனை, நடு வளையம், அடின்னு மூணு பாகம் இருக்கற ஸ்டீரியோ வயர். அந்த ஓட்டை பேலன்ஸ்டு இன்புட், அதோட வேலையே முனைல வர்றதுலேருந்து நடு வளையத்துல வர்றத கழிக்கறது, வயர்ல வழியில சேர்ற எரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கும்ங்கறதால கழிஞ்சு போகட்டும்னு அப்படி வச்சிருக்காங்க. உன் தம்புரா எடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சத்தம், ஒண்ணுலேருந்து ஒண்ணு கழிச்சா மிச்சம் என்ன இருக்கும்? ஆப்பும் நல்லாருக்கு, ஃபோனும் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு, குத்துன எடம்தான் வேற. ஒரு பக்கம் ஸ்டீரியோ முள்ளு, மறுபக்கம் ரெண்டு தனித்தனி மோனோ முள்ளு இருக்கற ஒய் கேபிள் கேட்டு வாங்கு, மிக்சர்ல எல், ஆர்னு ஜோடியா ஓட்டை இருக்கற சேனல்ல போடு.

அதுலயும் ஆர் ஓட்டைல மட்டும் ஒண்ண குத்து, இன்னொண்ண தொங்க விட்டுடு. ஏன்னு சொல்றேன். உன் மிக்சர்ல எத்தன மைக் போட்டாலும் யூஎஸ்பி வழியா வெளிய போறது ரெண்டே ரெண்டுதான், எடது ஒண்ணு வலது ஒண்ணு. ஒவ்வொரு சேனலும் தனித்தனியா கம்ப்யூட்டருக்குப் போற மிக்சர் இருக்கு, சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே, ஜூம் எல்-8 மாதிரி, அதுக்கெல்லாம் வெலை வேற. அப்பா குரலும் தம்புராவும் நடுவுல ஒண்ணா கலந்து போயிடுச்சுன்னா சாம்பார் ஊத்திப் பெசஞ்ச சோறுதான், அப்புறம் சுத்தமா பிரிக்கறது ரொம்பக் கஷ்டம். அதனால மைக் சேனல்ல பான் நாப, அதான் சத்தத்த எடது வலதுன்னு தள்ளுற திருக, முழுசா எடப்பக்கம் திருப்பு, தம்புரா வலது. பெரும்பாலான மிக்சர்ல ஆர் ஓட்டைல மட்டும் குத்துனா வலப்பக்கம் மட்டுந்தான் போகும், போகலன்னா பேலன்ஸ் நாப திருப்பிக்க. எடுத்து முடிச்சப்புறம் ஆடாசிட்டில ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ குடுத்தா குரல் தனி, தம்புரா தனி, எது எவ்ளோ வேணும்னு நிதானமா வச்சுக்கலாம். அப்பா ஹெட்போன்ல சுதி கேட்டுகிட்டு பாடட்டும், காத மூடற மாதிரி ஹெட்போன், ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிறேன்னா அதுவும் சரி. மிக்சர் ஹெட்போன்ல குரல் ஒரு காதுலயும் சுதி இன்னொரு காதுலயும் கேக்கும், முன்னாடியே சொல்லிடு, இல்லன்னா பயந்துடுவாரு.

மிக்சர்ல எஃபெக்ட் போட்டு எதிரொலி சேக்கணும்னு உன் பையன் ஆசப்படுறான்னு எழுதியிருக்க. வேண்டாம்னு சொல்லு. அங்க சேத்தா ஒட்டிகிட்டுப் போயிடும், எடுக்க முடியாது. கம்ப்யூட்டர்ல அப்புறமா எவ்ளோ வேணாலும் சேத்துப் பாக்கட்டும், மூலம் வெறும் குரலா இருக்கணும். இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

அவன் வயலின் வாசிச்சு சேத்தப்ப அதுக்குள்ள அப்பா பாட்டும் பதிஞ்சு போச்சே, அதுக்கு காரணம் கம்ப்யூட்டர்லேருந்து திரும்பி வர்ற சத்தத்த மிக்சர் மெயின்ல, அதாவது வெளிய போற மொத்தக் கலவைல, கலந்து மறுபடி கம்ப்யூட்டருக்கே அனுப்புது. 2-டிராக், யூஎஸ்பின்னு எழுதுன எடத்துகிட்ட ஒரு பட்டன் இருக்கும், டு மெயின்னு இருந்தா தூக்கிட்டு டு ஃபோன்ஸ் பக்கம் போடு. பட்டனே இல்லாத மாடலா இருந்தா ஆடாசிட்டி பிளேபேக்க லேப்டாப்புக்கே மாத்தி, லேப்டாப் ஓட்டைல ஹெட்போன் குத்தி அவன் கேக்கட்டும்.

கடைசியா அந்த ஊஊன்னு ஒரு சத்தம். அதுல ரெண்டு தெரியுது எனக்கு. கீழ கனமா ஒண்ணு இருக்கே, அது கரண்டோட 50 ஹெர்ட்ஸ், மேல கீச்சுன்னு மெல்லிசா ஒண்ணு இருக்கே, அது யூஎஸ்பில டேட்டா 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ போறதால வர்ற 1000 ஹெர்ட்ஸ் சத்தம். லேப்டாப் சார்ஜர கழட்டிட்டு பேட்டரில ஓட்டிப் பாரு, ரெண்டும் கொறஞ்சா விஷயம் புரிஞ்சுபோச்சு, ரெக்கார்ட் பண்றப்ப சார்ஜர் போடாத. மிக்சர், லேப்டாப் ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடு, யூஎஸ்பி ஹப் வேணாம், நேரா லேப்டாப்ல குத்து, வயர் குட்டையா இருக்கட்டும். ஃபேன் ரெகுலேட்டரும் இன்வெர்ட்டரும் கூட எரைச்சல் தரும், கரண்ட் இல்லாம இன்வெர்ட்டர்ல ஓடுறப்ப ரெக்கார்ட் பண்ணாத. எர்த் முள்ள ஒடச்சா இந்த ஊஊ சத்தம் போயிடும்னு எவனாவது சொல்லுவான், கேக்காத, அப்பா கைல உலோக மைக் புடிச்சுகிட்டு நிக்கிறாரு, ஷாக் அடிச்சா உயிருக்கே ஆபத்து.

லெவல் விஷயத்துல பயந்து ரொம்பக் கம்மியா வைக்காத, அதுக்காக சிவப்பு வரைக்கும் போவாத. அப்பாவ மேல்ஸ்தாயில உச்சக்குரல்ல பாடச் சொல்லிட்டு, ஃபேடர (மேல கீழ நகத்துற வால்யூம் பட்டன) 0ல வச்சுகிட்டு கெயின மெதுவா ஏத்து, ஆடாசிட்டி மீட்டர் மைனஸ் 12லேருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள்ள தொடணும். மீட்டர் 0வ தொட்டு ஒடஞ்ச சத்தத்த யாராலயும் முழுசா சரிபண்ண முடியாது. மைக் வாயிலேருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல. உங்க பீரோ ரூம்தான் நல்ல எடம், துணியும் மெத்தையும் இருக்கறதால எதிரொலிக்காது. ஃபேன நிறுத்தணும், அதனால விடியக்காலைல வச்சுக்க, அப்பாவுக்கும் அப்பதான் குரல் நல்லாருக்கும், பக்கத்து வீட்டு மோட்டாரும் ஓடாது. ஒரே நேரத்துல நெறைய பாட வைக்காத, பாதில தண்ணி குடிக்கட்டும், இருமுனா இருமட்டும், ரெக்கார்டிங்க நிறுத்தாம ஓட விடு, அப்புறம் வெட்டிக்கலாம்.

ஒவ்வொரு பதிகத்துக்கும் முன்னாடி அப்பாவே வாயால பதிகம், பண், தாளம், யார்கிட்ட பாடம் கேட்டாருன்னு சொல்லட்டும். நட்டபாடைங்கற பண்ண இப்ப கம்பீர நாட்டை ராகத்துலயும் தக்கேசிங்கற பண்ண காம்போதி ராகத்துலயும் பாடுறாங்க, அவருக்கு அவங்க வாத்தியார் எப்படி சொல்லிக்குடுத்தாருன்னு அவரு குரல்லயே இருந்தா எவ்ளோ பெரிய விஷயம் அது. ஸ்டீரியோல 16 பிட்னா நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பி ஆகும், வேவ் ஃபைலா வை, எம்பித்ரீ மட்டும் வச்சுகிட்டு மூலத்த அழிச்சுடாத. ரெண்டு ஹார்டு டிஸ்க்ல காப்பி, ஒண்ணு உன் வீட்ல இருக்கட்டும், ஒண்ண எனக்கு கூரியர்ல போடு.

இனிமே வாட்சப்ல ஆடியோவா அனுப்பாத, அது அமுக்கி சுருக்கிடும், எனக்கு கோளாறு சரியா கேக்காது. டிரைவ்ல வேவா ஏத்தி லிங்க் அனுப்பு. ஞாயித்துக்கிழமை ஒய் கேபிள் வாங்கிட்டு வந்து போன் பண்ணு, வீடியோ கால்ல மிக்சர காட்டு, நாப் நாப்பா சேந்து பாத்துடலாம். அப்பாவுக்கு என் நமஸ்காரம் சொல்லு, பொங்கலுக்கு குடும்பத்தோட வர்றோம்.

உன்,
மாப்ள