முள்ளைப் பார்த்துவிட்டுச் சொல்

அன்பு மகளுக்கு,

சிக்னலில் இருந்து கிளம்பும்போது கார் ஒரு நொடி திணறிவிட்டுப் பாய்கிறது என்று சொன்னாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. பின்னால் லாரி வரும்போது அந்த ஒரு நொடி சிறியதல்ல. கோளாறு தெரியும்வரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதே அம்மா.

ஸ்கேனரில் பி0121 என்ற கோளாறுக் குறியீடு காட்டியதும், எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் மூடி எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் சென்சாரையே மாற்றச் சொல்கிறார்களாம். பொறு. சென்சார் தரும் அளவு மற்ற அளவுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதுவும் சொல்லவில்லை. வயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம்.

உன்னுடையது ஆக்சிலரேட்டர் கேபிள் த்ராட்டிலை இழுக்கும் வகை, மூன்று வயர் சென்சார். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக வயரை ஒட்டி ஒரு மெல்லிய குண்டூசியை நுழைத்து, மீட்டரால் வோல்ட்டை அளந்து பார். வயரின் தோலைக் குத்தாதே, அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கிவிடும். ஒரு வயரில் 5 வோல்ட் வரவேண்டும், இன்னொன்று எர்த். அந்த 5 வோல்ட்டே வராவிட்டால் சென்சாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவதுதான் சிக்னல் வயர். ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது அரை வோல்ட்டுக்குச் சற்று முன்பின், முழுவதும் அழுத்தினால் நாலரை வோல்ட் அளவில் இருக்கும். இரண்டு முனைகளும் சரியாக இருக்கின்றன என்று அதோடு நிறுத்திவிடாதே. தோழியை உட்காரவைத்து, மிக மெதுவாக அழுத்தச் சொல். பார்சலில் என் பழைய முள் மீட்டரை வைத்திருக்கிறேன். டிஜிட்டலில் எண் மாறுவதற்குள் கோளாறு ஒளிந்துகொள்ளும், முள் காட்டிக்கொடுத்துவிடும். சீராக ஏறிக்கொண்டிருக்கும் முள் சட்டென்று கீழே விழுந்து மறுபடி எழுந்தால், உள்ளே இருக்கும் கார்பன் தடம் அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. லேசாக அழுத்தும் முதல் பகுதியில்தான் நன்றாகக் கவனிக்கவேண்டும். தினமும் ஊர்ந்து ஓட்டும் வண்டியில், அந்தத் தடத்தின்மேல் நகரும் உள்முனை உரசிக்கொண்டே இருப்பது அங்கேதான். நீ சொல்லும் திணறலும் அங்கேதான் வருகிறது.

எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்னொரு முறை பார். சில சென்சார்கள் ஆறியிருந்தால் ஒழுங்காக இருக்கும், சூடேறினால் தடுமாறும். கையைச் சுட்டுக்கொள்ளாதே.

முள் எந்த இடத்தில் விழுந்தது, எத்தனை வோல்ட்டில் விழுந்தது என்று குறித்துவைத்து, இரவு எவ்வளவு நேரமானாலும் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பா