ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஒரு நன்றி மடல்

ஹட்டன் பக்கத்து நம்ம தேயிலைத் தோட்டத்து ஒன்பதாம் நம்பர் மலை மண்ணில் கிடைத்த நூற்புழு (நூல் மாதிரி மெல்லிய, மிகச் சின்னப் புழு) புதிய இனம்தான் என்று எழுதி, கட்டுரையைப் போன வாரம் அனுப்பிவிட்டோம். மதிப்பீட்டாளர்கள் பதில் வர மாதக்கணக்காகும். நன்றி அதுவரை காத்திருக்க வேண்டாம்.

முதலில் கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கு. செங்கல் நிறத்தில் செத்துக் கிடந்த ஒரு பூச்சிப் புழுவைக் காட்டி, "அழுகவும் இல்ல, நாறவும் இல்ல, என்னான்னு பாரு தங்கச்சி" என்றீர்கள். அங்கிருந்துதான் எல்லாம். நூற்புழு என்றாலே நமக்குத் தேயிலை வேரைக் கெடுக்கும் பிரட்டிலெங்கஸ் லூசிதான் ஞாபகம் வரும். நமக்குக் கிடைத்த இந்த நூற்புழு வேரைத் தொடாது. பூச்சிக்குள் புகுந்து, தன் குடலில் சுமந்து வரும் போட்டோராப்டஸ் பாக்டீரியாவை அங்கே விட்டுவிடும். இரண்டு நாளில் பூச்சி காலி. அந்தச் சிவப்பும், உடல் அழுகாமல் இருப்பதும் பாக்டீரியாவின் வேலை.

பண்டாரவளை மாமி, தேனடையை அரிக்கும் மெழுகுப்பூச்சிப் புழுவை யாராவது ஆசையாகக் கேட்பார்களா என்று திட்டிக்கொண்டே ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொடுத்தீர்கள். மண்ணுக்குள் இந்த மாதிரி நூற்புழு இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல இரை கிடையாது.

அம்மாயிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று கரண்ட் இல்லை. நான் போன் வெளிச்சத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். காம்பரா மூலையில் இருட்டிலேயே உட்கார்ந்திருந்த அம்மாயி, "அந்த லைட்ட அமத்து, தட்டுல என்னமோ மினுங்குது" என்றார். அமத்திவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தபின் எனக்கும் தெரிந்தது: நூற்புழு புகுந்து செத்த பூச்சிப் புழு, சாம்பல் மூடிய தணல் மாதிரி, இருக்கா இல்லையா என்ற அளவுக்கு ஒளிர்ந்தது. இந்த பாக்டீரியா ஒளிரும் என்று படித்திருந்தேன். கண்ணால் முதலில் பார்த்தது அம்மாயிதான்.

கண்டி பஸ் கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி. ஐஸ் பெட்டிக்குள் என்ன என்று கேட்டு, "புழு" என்றதும் இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றாலும், பெட்டிக்கு இடம் கொடுத்தார். அதற்கு முந்தின தடவை போத்தலை வாய்வரை தண்ணீரால் நிரப்பி மூடி, உள்ளே இருந்த நூற்புழுக்களை எல்லாம் காற்றில்லாமல் கொன்றது நான்தான்.

அப்புறம் பேராதனை ஆய்வுக்கூடத்தில் நடந்தது: ஆண் புழுவின் வால் நுனியை வரைந்தது, டிஎன்ஏ ஒப்பிட்டது, பெயருள்ள இனங்களோடு சேர விட்டுக் குஞ்சு பிறக்கவில்லை என்று உறுதிசெய்தது. கூட இருந்த எல்லோருக்கும் நன்றி.

என்ன பேர் வைத்தாய் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அச்சில் வந்தால்தான் அது பேர். மாமி, டின்னைக் கழுவி வைத்திருக்கிறேன், தீபாவளிக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.