புகைக்குழாய் மாட்ட வந்த அண்ணனுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

ரிசல்ட் வந்துவிட்டது. முதலாமாண்டு வரைபடப் பாடமான இன்ஜினியரிங் கிராபிக்ஸில் பாஸ். அது எப்படிப்பட்ட செமஸ்டர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கூடவே இருந்து பார்த்தீர்கள். அம்மாவிடம் போனில் சொல்லி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

முதல் நன்றி ஒரு அண்ணனுக்கு. பேர்கூடத் தெரியாது. இங்கே கோயம்புத்தூரில் எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் புகைக்குழாய் மாற்ற வந்தவர். ரூமில் டிராயிங் போர்டு வைக்க இடம் போதாது, அதனால் மெஸ் மேசையில்தான் ஷீட் போடுவோம். அன்று எனக்கு முன்னால் இருந்தது நாலாவது யூனிட் கணக்கு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை செங்குத்தாக நிற்கிறது. கிடைத்தளத்துக்கு 45 டிகிரி சாய்வில் அதை வெட்டுகிறோம். வெட்டுமுகத்தின் உண்மை வடிவத்தையும் மிச்சத் துண்டின் விரிப்பையும், அதாவது அதன் பக்கத்தைத் தட்டையாக விரித்தால் வரும் வடிவத்தையும், வரைய வேண்டும்.

டீ குடிக்க உட்கார்ந்த அண்ணன் என் ஷீட்டை எட்டிப் பார்த்தார். “ஏன் அம்மிணி, இது நம்ம எல்போதானுங்களே?” என்றார். குழாய் திரும்புகிற இடத்தில் இரண்டு துண்டுகளைச் சாய்த்து வெட்டி இணைக்கிறார்களே, அதில் ஒரு பாதிதான் என் கணக்கு.

டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனவர், சாய்வாக வெட்டிய ஒரு சின்னக் குழாய்த் துண்டையும் பழைய செய்தித்தாளையும் எடுத்து வந்தார். தாளைக் குழாயின் மேல் இறுக்கமாகச் சுற்றி, வெட்டிய விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டார். அப்புறம் பிரித்து மேசையில் விரித்தார். கீழே நேர்கோடு, மேலே அலை. வட்டத்தை 12 பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு உயரத்தையும் புள்ளி புள்ளியாகக் கடத்தி இணைக்கச் சொல்கிறார்களே, அந்த வளைவுதான்! “இதுக்கு நீளம் எவ்வளவு வருமுங்க?” என்று கேட்டார். நான் சூத்திரத்தை யோசிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: “விட்டத்துல மூணு மடங்கு, மேல ஏழுல ஒரு பங்கு.” 50-க்கு 157 வருகிறது. நான் ஷீட்டில் எடுக்க வேண்டிய அளவு.

பிறகு குழாயை என் கையில் கொடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் பார்த்தால் வெட்டு ஒரு சாய்கோடு. மேலிருந்து பார்த்தால் வட்டம். வெட்டுமுகத்துக்கு நேர் எதிரே கண்ணைக் கொண்டுபோனதும் நீள்வட்டம். என் கணக்கில் அது குறுக்கே 50, நெடுக்கே 70-க்குக் கொஞ்சம் மேல். முன்தோற்றமும் மேல்தோற்றமும் கையில் இருக்க, இன்னொரு தோற்றத்தை ஏன் தனியாக வரைகிறோம் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. அந்த டீ ஆறிப்போனதை அவர் பொருட்படுத்தவே இல்லை.

இந்தப் பாடத்துக்கு அடித்தளம் போட்டவர் காஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக்காரர். மெசியர் ராணுவப் பள்ளியில் கோட்டைகளைத் திட்டமிடுவதற்காக 1760-களில் அவர் உருவாக்கிய முறையை ராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்துவிட்டார்கள். 1795-ல் பாரிசில்தான் அவரால் அதை வெளிப்படையாகக் கற்பிக்க முடிந்தது. தொழில் ரகசியம் என்று அந்த அண்ணனும் நினைத்திருக்கலாம். நான் கேட்கக்கூட இல்லை, தானாக வந்து சொல்லிக் கொடுத்தார். இப்படிப்பட்டவர்களை முதலாமாண்டு டிராயிங் ஹாலுக்கு ஒரு நாளாவது அழைத்து வர வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அவருடைய பட்டறை எங்கே என்று மெஸ்ஸில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததும் அம்மாவோடு போய்ப் பார்ப்பேன்.

கோடு போடும் கருவியான மினி டிராப்டரைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காத மெக்கானிக்கல் அக்கா, இரண்டு தோற்றங்களையும் பிரிக்கிற எக்ஸ்-ஒய் கோட்டுக்கு மேலே முன்தோற்றம் கீழே மேல்தோற்றம் என்று சலிக்காமல் சொன்ன ரூம்மேட், சாயங்காலம் ஹாலைப் பூட்டாமல் காத்திருந்த சார், ஏ3 ஷீட்டைக் கடனுக்குக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர், ராத்திரி மேசையைத் துடைத்துக் கொடுத்த மெஸ் அக்காக்கள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். தனித்தனியாக எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடுகிறது.

ஜூனியர்கள் வந்ததும் சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் மெஸ் மேசையில் இருப்பேன். அண்ணன் எனக்கே கொடுத்துவிட்டுப் போன குழாய்த் துண்டும் அங்கே இருக்கும். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள், பள்ளியில் கவராயம் பிடித்ததோடு சரி என்பவர்கள், யாரானாலும் வாருங்கள். டிராப்டர் இல்லையே என்று தயங்க வேண்டாம், அக்காவுடையதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.