கம்பியில் காயப்போட்ட குளிர்த்தி

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆய்வுக்கான வாய்மொழிப் பரீட்சை, வைவா, முடிந்து மூன்று நாள் ஆகிறது. முடிந்த அன்றே இதை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. கார்த்திகை வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்கும் என் லப்டொப்புக்கும் என்ன ஆனது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று எங்கள் அலுமாரியைத் தூக்கியவர்கள். மீதிப் பேருக்கு அந்தப் பாதி சொல்லியிருக்கும்.

இசைப் படிப்பின் இறுதி வருட ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். கேட்ட கேள்விகளுக்குப் பதிலும் சொல்லிவிட்டேன். ஒரு கேள்விக்குச் சொன்னது பிழை என்று படியிறங்கும்போதுதான் தெரிந்தது. சரி, போகட்டும்.

போடிங்கில் என்னோடு ஒரே அறையில் இருந்த மூன்று பேரும் என் குறிப்புக் கொப்பிகளைப் பங்கு போட்டுத் திரும்ப எழுதித் தந்தார்கள். அதில் மிருதங்கக்காரி, எனக்காகக் கர்நாடக சங்கீதத்தின் 35 தாளங்களின் அட்டவணையை எழுதும்போதுதான் அது தனக்கே பாடமானது என்கிறாள். ஆகவே அவளுக்குப் பாதி நன்றிதான். கல்முனையில் போன் கடை வைத்திருக்கும் நானா மூன்று நாள் என் ஹார்ட் டிஸ்க்கோடு மல்லுக்கட்டினார். “ஒண்டும் எடுக்க ஏலாமப் போச்சு தங்கச்சி” என்று சொன்னபோது என் முகத்தைவிட அவருடைய முகம்தான் வாடியிருந்தது. காசு வாங்கவே இல்லை. மேற்பார்வையாளர் மிஸ், “அழுது முடிச்சிட்டு வாங்க, அப்புறம் கதைப்பம்” என்றவர், உண்மையிலேயே நான் அழுது முடியும்வரை காத்திருந்தார். நனைந்த புத்தகங்களுக்கு நூலகத்தில் யாரும் தண்டம் கேட்கவில்லை. சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் காசு அனுப்பியவர்கள், அடுப்பு இல்லாத பதினொரு நாளும் சோறு கொண்டுவந்த பக்கத்து வளவுக்காரர், கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்ட சபையார், எல்லோருக்கும் இந்த ஒரே பந்திக்குள் நன்றி சொல்கிறேன். குறை நினைக்க மாட்டீர்கள் என்று தெரியும். மிச்ச இடம் எனக்கு ஒரு ஆளுக்கு வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் இருக்கிற ஒரு பெத்தா, அதாவது பாட்டி. பெயர் போட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார், அதனால் பெத்தா என்றே எழுதுகிறேன். சொந்தத்தில் எனக்கு ஒன்றும் முறையில்லை. ஊருக்கே பெத்தா.

கல்லடியில் எங்கள் நிறுவகத்தில் படித்ததெல்லாம் கர்நாடக சங்கீதம். வர்ணம், கீர்த்தனை, ஆலாபனை, நிரவல், கல்பனா ஸ்வரம். இறுதி வருட ஆய்வுக்கு மட்டும் நான் அடம்பிடித்து ஊருக்குத் திரும்பினேன், கண்ணகி அம்மனுக்குப் பாடும் குளிர்த்தியை எடுத்தேன். வெளியூர்க்காரருக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் வைகாசியில்தான் பெரிய சடங்கு. கோயில் கதவு திறந்து, கண்ணகியின் கதையான வழக்குரையைப் படித்து, கடைசியில் மதுரையை எரித்தவளின் சூடு ஆறட்டும் என்று குளிர்த்தி பாடுவார்கள். போன வைகாசியில் அனுமதி கேட்டு அதைப் பதிவு செய்திருந்தேன். கார்த்திகையில் அந்தப் பதிவு போய்விட்டது. அடுத்த வைகாசிக்கு முன்னரே கட்டுரையைக் கொடுக்க வேண்டும். இதுதான் என் கணக்கு, எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் வராத கணக்கு.

மிஞ்சியது நான் பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதிய ஸ்வரக்குறிப்புத் தாள்கள் மட்டும். அவையும் நனைந்துதான் கிடந்தன. ஸ்வரம் எழுதிப் பழகியவர்களுக்கு இது விளங்கும்: தண்ணீரில் எழுத்து ஓரளவு தப்பிவிடும், முதலில் போவது புள்ளியும் கமாவும்தான். கீழே புள்ளி இல்லையென்றால் அந்த நி கீழே உள்ள மந்தரஸ்தாயியா நடுவில் உள்ள மத்தியஸ்தாயியா என்று தெரியாது. கமா இல்லையென்றால் எவ்வளவு நீட்டுவதென்று தெரியாது. ஸ ரி க ம என்று எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன, பாட்டு மட்டும் அதில் இல்லை.

அந்தத் தாள்களை உடுப்புக் கம்பியில் கிளிப் போட்டுக் காயவிட்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சேற்றைக் கழுவ உதவிக்கு வந்த பெத்தா, ஈர்க்கில் கட்டும் கையுமாக வந்து ஒரு தாளை எட்டிப் பார்த்தார்.

“இதென்ன மனே, கணக்கா?”

குளிர்த்தி என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “குளிர்த்தியையா கம்பியில காயப்போட்டிருக்காய்?”

அந்த இரண்டு கிழமையில் எங்கள் வளவில் யாரும் சிரித்த முதல் சிரிப்பு அது. நானும் சிரித்து, சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். பாடித் தருவீர்களா பெத்தா என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவருடைய முகம் மாறியது. “அது வைகாசியில அம்மாளுக்குப் பாடுற. கண்ட நேரத்தில வாயில எடுக்கப்படாது” என்றார். ஈர்க்கில் கட்டை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் வெற்றிலை வட்டாவோடு திரும்பி வந்தார். எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, பாக்கு வெட்டி, வாயை ஒழுங்காக்கி, கடைசியில் சொன்னார்: “சொல்லு வராது. மெட்டு மட்டுந்தான். அதுக்கு அம்மாள் கோவிக்க மாட்டா. போன் வேணாம்.”

அப்புறம் வாயை மூடிக்கொண்டு முனகத் தொடங்கினார்.

மூன்று பின்னேரம். ஒரு சொல் இல்லை. வட்டாவின் விளிம்பில் ஒரு விரல் தட்டிக்கொண்டே இருக்கும். முதல் நாள் இரவல் சுருதிப் பெட்டியை நான் பாடும் சுருதியான ஐந்து கட்டையில் போட்டு வைத்தேன். பெத்தா அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, தன் பாட்டில் மூன்று கட்டைக்குக் கிட்டத் தொடங்கினார். பெட்டியை இறக்கி அவரோடு சேர்க்கப் பார்த்தேன், சேரவில்லை. நிறுத்திவிட்டேன். பல வருடம் படித்ததில் சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு ஒருவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் நான் எழுதியதைத் திரும்பப் பாடிக் காட்டினேன். பெத்தா தலையை ஆட்டினார். திரும்பப் பாடினேன். திரும்பவும் ஆட்டினார்.

“அதில ஏறாத மனே. கொஞ்சம் கீழ நில்லு.”

எங்கே என்று பார்த்தால், காந்தாரம், அந்த க ஸ்வரம். பழைய குறிப்பில் அந்த மெட்டைச் செஞ்சுருட்டி ராகம் என்று எழுதி வைத்திருந்தேன். நாட்டார் மெட்டு என்றால் உடனே செஞ்சுருட்டி, புன்னாகவராளி, ஆனந்தபைரவி என்று ஒரு பெட்டியில் போட்டு மூடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. செஞ்சுருட்டி என்று எழுதிய பிறகு காது அந்த ராகத்துக்குரிய உயர்ந்த காந்தாரத்தை, அந்தர காந்தாரத்தைத்தான் கேட்கும், கேட்காவிட்டாலும் கேட்டதாகச் சொல்லும். பதிவில் உடுக்கு, சிலம்பு, குரவை, சனத்தின் சத்தம் எல்லாம் சேர்ந்து கிடந்ததால் என் பிழை அதற்குள் ஒளிந்துகொண்டது. வாசற்படியில் ஒளிய இடமில்லை. பெத்தாவின் காந்தாரம் அந்தரத்துக்குச் சற்றுக் கீழே, அதற்குத் தாழ்ந்த சாதாரண காந்தாரத்துக்கு மேலே நின்றது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். ஒரு ஸ்தாயிக்குள் 22 நுண்ணிய சுருதி என்று முதலாம் வருடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தேனே, அது என்ன என்று எனக்கு விளங்கியது அந்தப் படியில்தான்.

பதிவு தப்பியிருந்தால் பிழையான கட்டுரையைத்தான் கொடுத்திருப்பேன். வெள்ளத்துக்கு நன்றி சொல்லும் அளவுக்கு எனக்கு ஞானம் வரவில்லை. ஆனால் இது உண்மை.

மூன்றாம் நாள்தான் துணிந்து கேட்டேன், சொல்லில்லாமல் இப்படி முனக எங்கே பழகினீர்கள் பெத்தா என்று. கோயிலில் பாடுகிறவர்கள் ஆண்கள். பெத்தா பாடியதை ஊரில் யாரும் கேட்டதில்லை. சின்ன வயதிலிருந்து தாயின் மடியில் இருந்து கேட்டதாம். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் வைகாசி வந்தது, கோயில் இல்லை. “முகாமில இரிக்கக்குள்ள வாய்க்குள்ளயே சொல்லிக்கொண்டிருப்பன். சத்தமாப் பாடினாக் குத்தம், பாடாட்டி மறந்திரும். என்ன செய்யிற?”

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்லடிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் காரைதீவைத் தாண்டுகையில் விபுலானந்த அடிகளை நினைப்பது என் பழக்கம். நிறுவகத்துக்கே அவர் பெயர்தான். 1892இல் அந்த ஊரில் பிறந்தவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் சில அடிகளைப் பிடித்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்கப் பார்த்தவர். அந்த ஆய்வில் பிறந்த அவருடைய யாழ்நூல் 1947 யூனில் அரங்கேறியது, யூலையில் அவர் போய்விட்டார். இந்த முறை பஸ்ஸில் வேறொன்று தோன்றியது. அவருடைய கையில் கண்ணகி கதையின் சொல் இருந்தது, யாழின் ஒலி இல்லை. எனக்குக் கிடைத்தது அதே கண்ணகிக்கான ஒலி, சொல் இல்லை. அவரோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் இப்படித்தான்.

இசைக் கல்வி பற்றிப் படிக்கும்போது கொடாய் வருவார். ஹங்கேரியின் கிராமங்களில் பாடல் சேகரித்தவர், பிள்ளைக்கு முதலில் காதும் குரலும், எழுத்து அப்புறம் என்றவர். பரீட்சையில் அதை எழுதிப் புள்ளியும் வாங்கினேன். ஆனால் நான் டியூசன் கொடுத்த பிள்ளைகளுக்கு முதல் நாளே கொப்பியைத் திறக்கச் சொல்லி, சரளி வரிசையைப் பார்த்து எழுத வைத்தவளும் நான்தான். நாளைக்கு நியமனம் கிடைத்து ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது முதல் ஒரு மாதத்துக்குக் கொப்பி திறக்கப் போவதில்லை. அதிபர் ஏசினால் ஏசட்டும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒரு பெத்தாவிடமோ மூத்தம்மாவிடமோ ஒரு மெட்டைக் கேட்டு, வாய்க்குள் வைத்துக்கொண்டு வரட்டும், வகுப்பில் முனகிக் காட்டட்டும். இதை எல்லோர் முன்னாலும் எழுதி வைக்கிறேன், பின்வாங்கினால் கேளுங்கள்.

வைவாவில், ஒலிப்பதிவு ஏன் இணைக்கவில்லை என்று கேட்டார்கள். போன் வேண்டாம் என்றார், அதனால் இணைக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், அந்தக் காந்தாரத்தைப் பாடிக் காட்டுங்கள் என்றார். சொல்லில்லாமல் பாடினேன்.

நேற்றுக் கட்டிய கட்டுரையைப் பெத்தாவிடம் கொண்டுபோனேன். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்றாலும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். “நான் கீழ நில்லெண்ட இடம் எங்க?” என்று கேட்டார். க எழுத்தின் மேல் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்பு போட்டிருந்ததைக் காட்டினேன். அந்த அம்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு புத்தகத்தை மூடி என் கையில் தந்து, “இதையும் கம்பியில போட்டிராத” என்றார்.

வருகிற வைகாசியில் கதவு திறக்கும்போது அவருக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காருவேன். போன் வீட்டில் இருக்கும்.

சுருதிப் பெட்டி இரவல் தந்த இரண்டாம் வருடத் தங்கச்சிக்கு: அடுத்த கிழமை கொண்டுவருகிறேன். பற்றரி தீர்ந்துவிட்டது, புதிது போட்டுத் தருகிறேன். மூலையில் ஒரு வெற்றிலைக் கறை இருக்கிறது, அது போகவில்லை, மன்னித்துக்கொள்.