ஃபிளக்ஸ் கடை அக்காவுக்கும் கூட இருந்தவர்களுக்கும்

சின்னப் பொம்மை வீரர்களை மேஜையில் நிறுத்தி ஆடும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒருவழியாக நடந்துவிட்டது. அதற்கு முன் ஒரு சாரல் ராத்திரியில் எங்கள் அட்டை செட் வீணான கதை செங்கோட்டையில் நம் ஆட்களுக்குத் தெரியும், மறுபடி எழுதவில்லை. நன்றி சொல்லத்தான் இது.

ஆட்டக்களம் செய்ய சன்போர்டு (விளம்பரப் படம் ஒட்டும் பிளாஸ்டிக் நுரைப் பலகை) வெட்டுத் துண்டு கிடைக்குமா என்று கேட்கத்தான் ஃபிளக்ஸ் கடைக்குப் போனேன். அட்டை மழைக்கு ஆகாது. தெர்மகோலில் ஸ்பிரே பெயின்ட் பட்டால் கரைந்துவிடும். சன்போர்டைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. கடை மூடும் நேரம். "எடுத்துக்கிட்டுப் போ" என்று அக்கா சொல்லியிருந்தாலே போதும். அவரோ என் கையிலிருந்த 28 மி.மீ. உயரப் பொம்மை வீரனை வாங்கி, நான் வரைந்திருந்த விண்வெளி நிலையத்துக் கதவோடு ஒட்டி நிறுத்திப் பார்த்தார். "அடியில தட்டு வேற இருக்குல்லா தம்பி, தலை முட்டும். கதவ ஒசத்து."

அப்புறம் ஸ்டீல் ஸ்கேலும் கட்டருமாக அவரே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சுவரிலும் பாதி உயரத்துக்குப் பிளவு வெட்டி, ஒன்றில் ஒன்று குறுக்காகச் செருகும்படி செய்தார். பலகையின் கனம் 5 மி.மீ. பெயின்ட் அடித்தால் இறுகும் என்று பிளவை ஒரு மயிரிழை கூட்டியே வெட்டினார். பசையே வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் உருவி அடுக்கினால் நிலையம் மொத்தமும் ஒரு ஜெராக்ஸ் பேப்பர் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

எல்லாம் பழைய விசேஷ வீட்டு போர்டுகள். கூரையைத் திருப்பினால் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதி மீசை தெரியும். அந்தப் பக்கம் பெயின்ட் அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. காசு கேட்டதற்கு, "கழிவுக்கு என்ன காசு?" என்றார். துண்டு கழிவு, சரி. அந்த வெட்டு?

புனலூரிலிருந்து பொம்மைகளோடு ரயிலேறி வந்த சேட்டன்மார், பாட்டில் மூடி சேர்த்துக் கொடுத்த டீக்கடை அண்ணாச்சி, அவற்றை எரிபொருள் தொட்டிகளாக்கிய பிள்ளைகள், மண்டபத்துச் சாவியை நீட்டிய பெரியவர், எல்லோருக்கும் பெரிய கும்பிடு.

இனி உருவி அடுக்க முடியாத எதையும் செய்வதில்லை என்று முடிவாகிவிட்டது. அடுத்தது கழுதுருட்டிப் பக்கம் இருக்கும் பதிமூன்று கண் ரயில் பாலம், வேற்றுக்கிரகத்து இடிபாடாக. வளைவு வெட்ட அக்காவிடம்தான் வரவேண்டும். இந்த முறை அவர் கூலியை வாங்கிக் கல்லாப்பெட்டியில் போட்ட பிறகுதான் பலகையைக் கையில் கொடுப்போம்.